உறுதிமொழியின் ஆறாவது வரி

மெலிஸ் பைகே தேநீரில் பாலை ஊற்றிக்கொண்டே அதைச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை ஏலத்துக்கு ஆள் கிடைச்சாச்சு தமீரா. பெக்தூர் வர்றான்."

எந்த பெக்தூர் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டதிலேயே அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கோப்பையை என் பக்கம் நகர்த்தி, "குடி, ஆறிடும்" என்றார்.

நான் கோப்பையைத் தொடவேயில்லை.

ஏரிக் கரையில் இருக்கிற எங்கள் ஊர் பாலிக்சியில் கடன் வாங்காத வீடும் இல்லை, காற்றடிக்காத நாளும் இல்லை. அந்தக் கடனைக் கொடுக்கிற நிறுவனத்தில் நான் பதினொரு வருடமாக அடமானப் பத்திரங்களைப் பார்க்கிறவள். தவணை கட்டாதவர்களின் வீடு ஏலத்துக்கு வந்தால் ஏலச் செயலாளரும் நானே. மெலிஸ் பைகே எங்கள் தலைவர். வயதில் மூத்த ஆண்களை நாங்கள் அண்ணன் முறை வைத்து பைகே என்றுதான் கூப்பிடுவோம். இவரைக் கூப்பிடும்போது அதில் மரியாதை எவ்வளவு, பயம் எவ்வளவு என்று யாருக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

சட்டம் இந்த விஷயத்தில் ரொம்பத் தெளிவு. கடன் கொடுத்த நிறுவனத்தின் தலைவரோ, அங்கே வேலை பார்ப்பவரோ, அவர்களுடைய கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, கூடப் பிறந்தவர்களோ அடமானச் சொத்தை ஏலத்தில் எடுக்கக் கூடாது. எடுத்தால் விற்பனை செல்லாது, கையெழுத்துப் போட்டவர் மேல் வழக்கு. வேலியே பயிரை மேயக் கூடாது என்பதை நாலு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு ஏலத்துக்கு முன்பும் செயலாளர் எழுந்து நின்று ஓர் உறுதிமொழியை உரக்கப் படிக்க வேண்டும். அதன் ஆறாவது வரி இது: 'ஏலம் கேட்போர் எவரும், ஆவணத்தின்படியோ உண்மையிலோ, இந்நிறுவனத்தாருக்கு மேற்சொன்ன உறவினர் அல்லர் என்பதை நான் அறிந்து உறுதி கூறுகிறேன்.' பதினொரு வருடமாக அந்த வரியை, பஸ்ஸில் டிக்கெட் கேட்பவனுக்குப் பதில் சொல்வது மாதிரி, யோசிக்காமல் படித்துவிட்டுப் போயிருக்கிறேன்.

பெக்தூர் என் அக்கா சூராவின் மகன். அக்காவின் மகன் அந்த உறவுப் பட்டியலில் வரமாட்டான். ஆவணத்தில் அப்படி. உண்மையில் அவனைப் பெற்றவள் நான்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. அக்காவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் பிள்ளை இல்லை. மாமாவின் வீட்டில் இன்னொருத்தியைக் கொண்டுவரப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது, அடுத்தது வயிற்றில். "இது பிறந்ததும் உன் மடியில போட்டுடறேன்" என்று நானே சொன்னேன். யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை, கெஞ்சவும் இல்லை. என் புருஷன் மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டுச் சரி என்றார். கொடுப்பது எனக்குச் சுலபமாகத்தான் இருந்தது, குழந்தையின் முகத்தைப் பார்க்கிறவரை. பிரசவ விடுதியில் அக்காவின் பாஸ்போர்ட்டைக் காட்டிச் சேர்ந்தேன், அதனால் தாயின் பெயர் முதல் காகிதத்திலிருந்தே சூரா. தெருவில் என் குழந்தை தங்கவில்லை என்று சொல்லிவிட்டோம். மூன்றாம் நாள் அக்கா தன் பாவாடை விளிம்பை விரித்துப் பிடித்தாள். நான் குழந்தையை அதில் வைத்தேன். அவள் அப்படியே சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எங்கள் பக்கம் பிள்ளை கொடுப்பது அப்படித்தான். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கூடாது, வாயால்கூட. கேட்டால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். கேட்டவளை ஊர் மனுஷியாகவே மதிக்காது.

வலி எடுத்த அன்று என்னை விடுதிக்குக் கொண்டுபோய், அக்கா பெயரில் நான் சேர்ந்ததைக் கூட நின்று பார்த்தவர் மெலிஸ் பைகே. எங்கள் தெருவில் கார் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். பெட்ரோலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. நல்ல மனுஷன் என்று எல்லாரும் சொன்னோம். அந்த நல்ல மனுஷன் அதை இருபத்திரண்டு வருடம் பத்திரமாகப் பெட்டியில் போட்டு வைத்திருந்து, இன்று தேநீரோடு எடுத்து வைத்தார்.

"பைகே, அவன் வேண்டாம்" என்றேன்.

"ஏன் வேண்டாம்?"

"உங்களுக்குத் தெரியும்."

"எனக்கு என்ன தெரியும்? பேப்பர்ல இருக்கிறதுதான் எனக்குத் தெரியும். அவன் சூரா பிள்ளை. நீ வேற ஏதாவது சொல்லப் போறியா? சொல்லு, கேக்கறேன்."

நான் சொல்லமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் ரொட்டியில் வெண்ணெயை அவ்வளவு நிதானமாகத் தடவினார்.

"வீட்டை அவன் பேர்ல எடுப்பான். ஆறு மாசம் கழிச்சு என் தம்பிக்கு எழுதிக் கொடுத்துடுவான். கொரியாவுக்கு வேலைக்குப் போக ஏஜென்ட்டுக்கு நான் கட்டறேன்னு சொல்லியிருக்கேன். பையன் குதிக்கறான். யாருக்கு நஷ்டம்?"

"துர்சுனாய்க்கு."

"அவ கடனைக் கட்டலையேம்மா. நானா கட்ட வேண்டாம்னு சொன்னேன்?"

துர்சுனாயின் வீடு ஏரிக் கரையில் இருக்கிறது. பதினாலு ஆப்ரிகாட் மரம், பின் கதவைத் திறந்தால் நாற்பது அடியில் தண்ணீர். மினிபஸ் வாங்கக் கடன் எடுத்தார்கள். புருஷன் பனியில் சறுக்கி இடுப்பை முறித்துக்கொண்டான். பஸ் ஓடவில்லை, தவணை மட்டும் ஓடியது. முதல் ஏலத்துக்கு ஒருவரும் வரவில்லை. வராதபடி பார்த்துக்கொண்டதும் நான்தான். "அறிவிப்பை கொதிகலன் அறைக்குப் பின்னால இருக்கிற பலகையில ஒட்டு, அதுவும் பலகைதானே" என்று பைகே சொன்னார், நான் ஒட்டினேன். ஆள் வராத வீடு இரண்டாவது ஏலத்தில், அதாவது இந்த வெள்ளிக்கிழமை, பாதி விலைக்குப் போகும். அப்போது எனக்குப் பயமில்லை, கொஞ்சம் வெட்கம் மட்டும்தான். அதோடு போயிருக்கலாம்.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவள் அசில்கான். அவள் காலத்தில் ஒரு வீட்டை பைகேயின் தம்பி வேறொருவன் பெயரில் எடுத்தான். விசாரணை வந்தபோது, "செயலாளர் என்னை ஏமாத்திட்டா, நான் நம்பிட்டேன்" என்று பைகே நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். அசில்கான் இரண்டு வருடம் உள்ளே இருந்தாள். இப்போது நெடுஞ்சாலை ஓரம் புகையில் வாட்டிய மீனைக் கயிற்றில் தொங்கவிட்டு விற்கிறாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் அவளிடம் போனேன். மீன் வாங்குகிற சாக்கில் விஷயத்தைச் சுற்றி வளைத்துக் கேட்டேன், யாரோ ஒருத்திக்கு இப்படி நடந்தால் என்ன செய்வாள் என்பது மாதிரி.

அவள் மீனைச் செய்தித்தாளில் சுற்றினாள். "பேனா யார் கையில இருக்கோ அவதான் போவா, தமீரா. சொன்னவன் போகமாட்டான்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவள் என் முகத்தை நேராகப் பார்த்து எத்தனையோ வருடம் இருக்கும். "அந்த யாரோ ஒருத்திகிட்ட சொல்லு. உள்ள குளிர் ரொம்ப."

மீன் அப்படியே பையில் கிடந்தது.

மறுநாள் பெக்தூரைப் பார்க்கப் போனேன். பஸ் நிலையத்துக்கு எதிரே டயர் கடையில் வேலை. கை முழுக்கக் கரியோடு ஓடி வந்தான். புருவத்தைத் தூக்கிச் சிரிக்கிற சிரிப்பு, காலமான என் புருஷனுடையது. அதைப் பார்க்காமல் பேச நான் இருபத்திரண்டு வருடமாகப் பழகி வைத்திருக்கிறேன், அவனுடைய காதைப் பார்த்துப் பேசுவேன்.

"சித்தி! என்ன இந்தப் பக்கம்? டயர் மாத்தணுமா? உங்களுக்குத்தான் காரே இல்லையே!"

"வெள்ளிக்கிழமை ஏலத்துக்கு வராதேடா."

"ஏன்?"

"வராதேன்னா வராதே."

"முன்பணம் கட்டியாச்சு சித்தி. மனுவுல கையெழுத்தும் போட்டாச்சு. பைகே எல்லாம் விளக்கிச் சொன்னார். தலைவரோட ஆளுங்க எடுக்கக் கூடாது, அங்க வேலை பார்க்கறவங்க பிள்ளைங்க எடுக்கக் கூடாது, தங்கச்சி பிள்ளை, அக்கா பிள்ளை எடுக்கலாமாம். சட்டத்துல நான் உங்களுக்கு ஒண்ணுமே இல்லையாம்!"

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். நான் காதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அது இன்னொருத்தர் வீடு. அவங்க இன்னும் அதுக்குள்ளதான் இருக்காங்க" என்றேன்.

அவன் முகம் கொஞ்சம் வாடியது. "தெரியும். நான் எடுக்கலேன்னா வேற எவனாவது எடுப்பான், இல்லையா? சித்தி, இங்க இருந்தா அறுபது வயசுலயும் டயர்தான் மாத்துவேன். அம்மாவுக்கு முட்டி வலி, ஆபரேஷன் பண்ணணும். நீங்க ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்கீங்க? யாராவது மிரட்டினாங்களா?"

அம்மாவுக்கு முட்டி வலி. காற்றில் மண் கண்ணில் விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். பாலிக்சியில் அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

புதன்கிழமை அக்கா வீட்டில் இருந்தேன். மாமா மாடுகளைப் பார்க்கப் போயிருந்தார். நான் சொல்லச் சொல்ல அக்கா மாவைப் பிசைவதை நிறுத்தவேயில்லை. கடைசியில் மாவு கல்லாகிவிட்டது.

"படிச்சிடு" என்றாள். "அந்த வரியைப் படிச்சிட்டுக் கையெழுத்துப் போட்டுடு."

"அது பொய், அக்கா. நாளைக்கு வெளிய வந்தா நானும் போவேன், அவனும் போவான். அவன் பேர்லதான் வீடு."

"எப்படி வெளிய வரும்? யாருக்குத் தெரியும்? உனக்கு, எனக்கு, உன் மாமாவுக்கு. அவ்வளவுதானே."

"மெலிஸ் பைகேக்கு."

அவள் கையை மாவிலிருந்து எடுத்தாள். "நீ சொல்லிட்டா, அதுக்கப்புறம் நான் யாரு தமீரா?" என்றாள். "சொல்லு. நான் அவனுக்கு யாரு?"

அவள் அழுதாள், அழுதுகொண்டே மாவுக் கையால் என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். "நீ கொடுத்தே. நான் கேக்கலை, நீயா கொடுத்தே" என்றாள். உண்மைதான். மறுக்க ஒன்றுமில்லை. படித்துவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன். அக்காவிடமும் சொன்னேன். அவள் நம்பினாள், நானும் நம்பினேன்.

முடிவு செய்தால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. வியாழக்கிழமை காலையில் துர்சுனாயின் கோப்பு வேண்டியிருந்தது. பைகே வெளியே போயிருந்தார், அவருடைய அலமாரியைத் திறந்தேன். கோப்புக்கு அடியில் ஒற்றைத் தாள். ஏரிக் கரை ஓரமாக வரிசையாக ஏழு வீடு, எல்லாம் எங்களிடம் அடமானத்தில் இருப்பவை, எல்லாம் தவணை தவறியவை. ஒவ்வொன்றின் எதிரிலும் பென்சிலில் ஒரு டிக். முதல் வீட்டின் எதிரே பெக்தூர் என்று எழுதியிருந்தது. இரண்டாவது வீட்டின் எதிரேயும் பெக்தூர். ஏழாவது வீட்டின் எதிரேயும் பெக்தூர்.

கொரியாவாவது, ஏஜென்ட்டாவது. இந்த மனுஷன் அவனை எங்கேயும் அனுப்பப் போவதில்லை. முதல் வீட்டில் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும், அப்புறம் அதையே காட்டி மிரட்டி ஏழு வீட்டிலும் வாங்குவார். என்னைக் காட்டி அவனை மிரட்டுவார், அவனைக் காட்டி என்னை மிரட்டுவார். ஒருநாள் விசாரணை வரும். அன்றைக்கும் நெஞ்சில் கை வைத்து, "அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து என்னை ஏமாத்திட்டாங்க" என்று சொல்வார். அப்போது அவருக்கு அந்த உறவு ஞாபகம் வரும்.

தாளை இருந்த இடத்திலேயே வைத்தேன். துர்சுனாயின் கோப்பை எடுத்துக்கொண்டு அலமாரியை மூடினேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. எங்கள் கூடத்தில் இருபது நாற்காலி போட்டிருந்தது, ஆறு பேர் இருந்தோம். காற்றில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டே இருந்தது. முன் வரிசையில் மெலிஸ் பைகே, ஊர்ப் பெரியவருக்குரிய வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி. சுவரோரம் துர்சுனாயும் ஊன்றுகோலோடு அவள் புருஷனும். கடைசி வரிசையில் பெக்தூர், புது ஜாக்கெட், கழுத்தில் விலைச்சீட்டின் நூலை வெட்ட மறந்திருந்தான். ஏலத்தைப் படம் எடுத்து வைக்க வேண்டும் என்பது விதி. கணக்காளர் ரோசா செல்பேசியைத் தாங்கியில் மாட்டி என் பக்கம் திருப்பினாள். "ஓடுது, ஆரம்பிங்கக்கா" என்றாள்.

எழுந்தேன். முதல் வரி படித்தேன். சொத்தின் விலாசம், அளவு. மூன்றாவது வரியில் துர்சுனாய் என்னைப் பார்க்கிறாள் என்று தெரிந்தது, தலையைத் தூக்கவில்லை. ஆறாவது வரிக்கு வந்தேன்.

'ஏலம் கேட்போர் எவரும்' என்று படித்தேன். அப்புறம் சத்தம் வரவில்லை.

"என்ன தமீரா, கண்ணாடியை வீட்ல வச்சிட்டியா?" என்றார் பைகே. ரோசா சிரித்தாள்.

படித்துவிட வேண்டும் என்றுதான் அந்த நொடியிலும் நினைத்தேன். அக்காவின் மாவுக் கை ஞாபகம் வந்தது. அதோடு அந்தத் தாளும், அதில் ஏழு தடவை எழுதியிருந்த பெயரும் ஞாபகம் வந்தன. எதற்கு அதிகம் பயந்தேனோ அதிலிருந்து தப்பி ஓடினேன், அவ்வளவுதான். இதைத் தைரியம் என்று பிறகு சிலர் சொன்னார்கள். தைரியத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"இந்த வரியை என்னால படிக்க முடியாது" என்றேன். "ஏலம் கேக்க வந்திருக்கிற பெக்தூர் என் மகன். நான் பெத்த மகன்."

பெக்தூர்தான் முதலில் பேசினான், பாதி சிரிப்போடு. "சித்தி, என்ன சொல்றீங்க? உடம்பு சரியில்லையா? சித்தி?"

பைகே எழுந்தார். அவர் நிதானமாக, "இவளுக்குப் புத்தி பேதலிச்சிடுச்சு, காகிதம் இருந்தா காட்டச் சொல்லுங்க" என்று சொல்லியிருந்தால் நான் தொலைந்தேன். காட்ட என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அதைத்தான் சொல்வார் என்று நானும் காத்திருந்தேன். ஆனால் அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே. எந்தப் பெண்ணும் இந்த வார்த்தையைச் சொல்லமாட்டாள் என்று நம்பித்தான் எல்லாவற்றையும் போட்டிருந்தார். நான் சொன்னதும் அவருக்குள் இருந்த தலைவர் போய்விட்டார், தெருக்காரர் வந்துவிட்டார். முகம் சிவந்து, கை நீட்டிக் கத்தினார்.

"கொடுத்த பிள்ளையைத் திருப்பிக் கேக்கறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா? உன் அக்கா மடியில போட்டுட்டு, இருபத்திரண்டு வருஷம் கழிச்சு வந்து வாயைத் திறக்கறியா? வெக்கமா இல்ல?"

எங்கள் பக்கத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். எனக்கு உண்மையிலேயே வெட்கமாகத்தான் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். ரோசா தாங்கியைப் பிடித்தபடி மெதுவாகச் சொன்னாள்:

"பைகே... இது ஓடிக்கிட்டே இருக்கு."

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா. அவர் வாய் திறந்தபடியே நின்றது.

பெக்தூர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை, பைகேயைத்தான் பார்த்தான். நான் சொன்னதை அவன் நம்பியிருக்க மாட்டான், அவர் திட்டியதைத்தான் நம்பினான். கதவைத் திறந்ததும் காற்று உள்ளே புகுந்து மேசையில் இருந்த தாளையெல்லாம் வாரி இறைத்தது. நான் குனிந்து பொறுக்கினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

துர்சுனாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவளும் பொறுக்கினாள். "எனக்காகவா சொன்னே?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன். அவளிடம் ஏற்கெனவே ஒரு பொய்யைப் பலகையில் ஒட்டியிருக்கிறேன், இன்னொன்று வேண்டாம்.

அடுத்த ஒன்பது நாளும் நான் பட்டது எதிரிக்கும் வேண்டாம். வேலை அன்றே போயிற்று. அக்கா போனை எடுக்கவில்லை. நேரில் போனேன், மாமா கதவை அரையாகத் திறந்து, "இப்ப வேண்டாம்மா" என்று சாத்தினார். பெக்தூர் அந்த வீட்டில் இருக்கிறானா என்பதுகூடத் தெரியவில்லை. ஏரிப் பக்கம் ஆம்புலன்ஸ் போனால், அவன்தானோ என்று வாசலுக்கு ஓடினேன்.

பத்தாம் நாள் விசாரணை அதிகாரி கூப்பிட்டாள். சளி பிடித்திருந்த பெண், நொடிக்கொரு தரம் மூக்கைத் துடைத்தாள். பைகேயின் வக்கீல் எழுதிக் கொடுத்ததைப் படித்துக் காட்டினாள். நான் துர்சுனாயிடம் பணம் வாங்கிக்கொண்டு ஏலத்தைக் கலைத்தேனாம். இல்லாத உறவைச் சொன்னேனாம். அவர் கத்தியது ஊர் வம்பை நம்பியாம். பிறப்புச் சான்றிதழில் தாய் சூரா என்று தெளிவாக இருக்கிறதாம்.

"காகிதம் அவங்க பக்கம் இருக்கு" என்றாள் அதிகாரி. "அந்தப் பையன் என்ன சொல்றான்னு பார்க்கணும். அவன் இல்லேன்னு சொன்னா, ஏலத்தைப் பொய் சொல்லி நிறுத்தினதா உங்க மேலதான் வழக்கு. அவன் ஆமான்னா, ரத்தப் பரிசோதனைக்குச் சம்மதம் எழுதி வாங்கிக்குவோம். வெளிய வந்திருக்கான். கூப்பிடறேன்."

அந்த நாற்காலியில் நான் பயந்தது மாதிரி ஏலக் கூடத்திலும் பயப்படவில்லை. அவன் சித்தி என்று சொன்னால் நான் உள்ளே போவேன், பைகே மறுபடி அந்தத் தாளை எடுப்பார். அவன் அம்மா என்று சொன்னால் அக்கா செத்தே போவாள். எதைச் சொல்ல வேண்டும் என்று கடவுளிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்த பிரார்த்தனையில் முதல் நாலு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெக்தூர் உள்ளே வந்தான். அதே புது ஜாக்கெட், நூலை வெட்டியிருந்தான். மெலிந்திருந்தான். அதிகாரி பெயர், வயது எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, பேனாவால் என்னைக் காட்டினாள்.

"இவங்க உனக்கு என்ன வேணும்?"

அவன் என்னைப் பார்த்தான். நான் காதைப் பார்க்கப் போனேன், முடியவில்லை, முகத்தையே பார்த்தேன். அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"என்னைப் பெத்தவங்க" என்றான். "எழுதிக்குங்க. பரிசோதனைக்கும் கையெழுத்துப் போடறேன்."

"அப்ப தாய் பெயர்னு இவங்க பேரை..."

"இல்ல" என்றான், கொஞ்சம் சத்தமாகவே. "இவங்க என்னைப் பெத்தவங்க. எங்க அம்மா வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காங்க."

அதிகாரி பேனாவைத் தூக்கியபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. வலித்ததா என்று கேட்டால், வலித்தது. பத்து நாளில் முதல் தடவையாக மூச்சு முழுசாக வந்ததும் அப்போதுதான்.

அவள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். நடைபாதையில் நீள பெஞ்சு, அதில் சூரா, முட்டிக்குக் கம்பளி சுற்றிக்கொண்டு. கதவு மெல்லிய பலகைக் கதவு, உள்ளே பேசியது முழுக்க அவளுக்குக் கேட்டிருக்கும். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் அவளுடைய பெரிய பை இடத்தை அடைத்துக்கொண்டு இருந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் உட்கார்ந்தேன்.